குத்துச்சண்டையும் இரசிகர் உள்ளமும்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று ஓதிவந்த ஒரு தலைமையாசிரியன், ஓய்வுபெற்றபின் குத்துச்சண்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நேயர்களிற் சிலர் வியக்கக்கூடும். நான் ஒருநாளும் கையுறை அணிந்தவனல்லன். எனினும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இந்த விளையாட்டின் இரசிகனாக இருந்து வருகிறேன். ஆசிரியனுக்கு வாழ்நாள் முழுவதும் வாய்த்த வேலை மதிப்பெண் இடுவது. ஆகையால், குத்துச்சண்டை வீரனுக்கு இரசிகன் எவ்வாறு மதிப்பெண் இடுகிறான், அம்மதிப்பெண் நேர்மையானதுதானா என்பதைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், நடுவர்கள் இடும் மதிப்பெண்ணைப் பார்ப்போம். குவீன்ஸ்பெரி விதிகள் எனப்படுபவை 1867ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியாயின. கையுறை அணிய வேண்டும். சுற்று ஒன்றுக்கு மூன்று நிமிடம். இடையில் ஒரு நிமிடம் ஓய்வு. விழுந்தவன் பத்து விநாடிக்குள் எழவேண்டும் என்று வரையறுத்தவை அவையே. இன்று தொழில்முறைப் போட்டிகளில் மூன்று நடுவர்கள் களத்தின் ஓரத்தில் அமர்ந்து, சுற்றில் வென்றவனுக்குப் 10, தோற்றவனுக்குப் பெரும்பாலும் 9 என்று எழுதுகிறார்கள். தெளிவாகப் பட்ட குத்து, பயன்தரும் முன்னேற்றம், களத்தைத் தன் வயப்படுத்தும் திறன், தற்காப்பு ஆகிய நான்கையும் அவர்கள் கருதுகிறார்கள்.

இரசிகனிடத்திலோ வேறொரு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. அது அச்சிடப்பட்டதன்று, அவன் நெஞ்சில் எழுதப்பட்டது. அதில் மூன்று பாடங்கள் உண்டு. ஒன்று வன்மை, மற்றொன்று நுட்பம், மூன்றாவது நெஞ்சுரம்.

வன்மையை விரும்பாத இரசிகன் இல்லை. 1919ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவில் டொலிடோ என்னும் ஊரில், ஜாக் டெம்ப்ஸி தம்மினும் மிகப் பெரிய உருவினரான ஜெஸ் வில்லர்டை முதற்சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். வன்மையுள்ளவன் களத்தில் நிற்கும்வரை எதுவும் முடிந்துவிட்டதாகாது. பதினொரு சுற்றுகளில் தோற்றவனும் பன்னிரண்டாம் சுற்றில் ஒரே குத்தினால் கணக்கைத் திருத்தி எழுதிவிடலாம். அந்த எதிர்பார்ப்பே கூட்டத்தை இருக்கையின் நுனியில் அமர்த்துகிறது. ஆனால் தேர்ந்த இரசிகன் கையை மட்டும் பார்ப்பதில்லை, காலையும் பார்க்கிறான். குத்தின் வலிமை தரையை ஊன்றிய பாதத்திற் பிறந்து, இடுப்பின் திருப்பத்தில் வளர்ந்து, தோளின் வழியாக முட்டிக்கு வருவது. நல்ல குத்துக்காரனின் கை அந்த வலிமையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏவலாள் மாத்திரமே.

நுட்பத்துக்கு வருவோம். டெம்ப்ஸியின் பட்டத்தை 1926இல் பிலடெல்பியா நகரில் பறித்தவர் ஜீன் டன்னி. அவர் நூல்கள் கற்றவர். பின்னர் 1928இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியரைப் பற்றி விரிவுரை ஆற்றியவர். டெம்ப்ஸி பாய்ந்து வரும்போது ஓரடி பின்வாங்கி, இடக்கையால் நேராகக் குத்தி, மீண்டும் விலகிக்கொள்வது அவர் முறை. 1927இல் சிகாகோவில் இருவரும் மறுபடி பொருதினர். ஏழாம் சுற்றில் டன்னி விழுந்தார். வீழ்த்தியவன் நடுநிலை மூலைக்குச் சென்ற பிறகே எண்ணத் தொடங்க வேண்டும் என்பது விதி. டெம்ப்ஸி உடனே செல்லாமையால் எண்ணுவது தாமதமாயிற்று. பத்து விநாடிக்கு மேலாகவே டன்னிக்கு அவகாசம் கிடைத்தது. அவர் எழுந்தார், விலகி விலகிப் போரிட்டு வெற்றியும் பெற்றார்.

இரண்டு முறையும் வென்றவர் டன்னி. ஆயினும் மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றவர் டெம்ப்ஸியே. பட்டத்தோடு இருந்த காலத்தினும், அதனை இழந்த பிறகு அவர்மீது மக்கள் வைத்த அன்பு பெரிது. டன்னியை மதித்தவர் உண்டு, நேசித்தவர் குறைவு. வெற்றி ஒருவனுக்கும் அன்பு மற்றொருவனுக்கும் போவது இந்த விளையாட்டில் அன்றே தொடங்கிவிட்டது.

நுட்பத்தின் எல்லை எது என்று கேட்டால், வில்லி பெப் என்னும் சிறிய உருவினரைச் சொல்வேன். இறகு எடைப் பிரிவில் உலக வீரராக விளங்கிய இவர் தம் வாழ்நாளில் 229 போட்டிகளில் வென்றவர். 1946இல் நடந்த ஒரு போட்டியில், ஒரு சுற்று முழுவதும் ஒரு குத்துக்கூட விடாமல், எதிரியின் குத்துகளுக்கெல்லாம் தப்பித் தப்பியே அந்தச் சுற்றை வென்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது மெய்தானா என்று ஆராய்ந்தவர்கள் ஐயுறுகிறார்கள். ஆனால் அக்கதையை இரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிறார்கள் என்பது மெய். படாத குத்தையும் கண்டு மகிழும் கண் அவர்களுக்கு உண்டு என்பதற்கு அதுவே சான்று. படும் குத்தைக் காணக் கண் போதும். படாத குத்தைக் காணப் பயிற்சி வேண்டும்.

ஒரே போட்டியை இரண்டு இரசிகர்கள் இரண்டு விதமாகக் காண்பதும் இதனாலேதான். 1987 ஏப்ரல் 6ஆம் நாள் லாஸ் வேகாஸ் நகரில் மார்வின் ஹாக்ளரும் சுகர் ரே லெனார்டும் மோதினர். ஹாக்ளர் பன்னிரண்டு சுற்றிலும் முன்னேறிக்கொண்டே இருந்தார். லெனார்டு சுற்றிச் சுற்றி விலகி, சுற்றின் கடைசி அரை நிமிடத்தில் மின்னல்போற் சில குத்துகளைத் தொடுத்து நடுவர்களின் கண்ணைக் கவர்ந்தார். ஒரு நடுவர் லெனார்டுக்கு 118, ஹாக்ளருக்கு 110 என்று எழுதினார். மற்றொருவர் லெனார்டுக்கு 115–113 என்றும், மூன்றாமவர் அதே கணக்கில் ஹாக்ளருக்கு வெற்றி என்றும் எழுதினர். ஒரே விடைத்தாளைத் திருத்திய மூன்று ஆசிரியர்கள் இவ்வளவு வேறுபட்டால் மாணவன் என்ன செய்வான்? ஹாக்ளர் அதற்குப்பின் களம் ஏறவே இல்லை. அந்த வழக்கோ இன்றுவரை தீர்ந்தபாடில்லை. முன்னேறுபவனே போரிடுகிறான் என்று நினைப்பவர் ஹாக்ளர் பக்கம். போரை நடத்துபவன் எவன் என்று பார்ப்பவர் லெனார்டு பக்கம்.

இனி மூன்றாவது பாடமான நெஞ்சுரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதற்குத்தான் இரசிகன் முழு மதிப்பெண்ணையும் வாரி வழங்குகிறான். நம் வடசென்னையிலே முற்காலத்தில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அணி பிரிந்து மோதிய குத்துச்சண்டையைப் பெரியவர்கள் சிலர் நினைவுகூரக்கூடும். அதனை ‘ரோசமான குத்துச்சண்டை’ என்றே வழங்கினார்கள். நுட்பமான சண்டை என்றோ வன்மையான சண்டை என்றோ சொல்லவில்லை. ரோசமான சண்டை என்றார்கள். மக்கள் காணவந்தது எதனை என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஆர்ட்டுரோ கட்டி என்றொரு வீரர் இருந்தார். 2002, 2003ஆம் ஆண்டுகளில் இவரும் மிக்கி வார்டு என்பவரும் மூன்று முறை மோதினர். ஒருவர் குத்தை ஒருவர் வாங்கிக்கொண்டு, இரத்தம் வழிய நின்று போரிட்ட அந்தப் போட்டிகளை இரசிகர்கள் இன்றும் கண்கலங்கப் பேசுகிறார்கள். இருவரும் பின்னர் உற்ற நண்பராயினர். இதே கட்டியை 2005இல் ஃப்ளாய்ட் மேவெதர் எதிர்த்தபோது, ஆறு சுற்றுகளிலேயே போட்டி முடிந்துவிட்டது. கட்டியின் குத்துகள் மேவெதரைத் தொடவே இல்லை எனலாம். ஐம்பது போட்டிகளில் ஒன்றிலும் தோலாமல் ஓய்வுபெற்றவர் மேவெதர். ஆனால் 2015இல் அவர் மான்னி பாக்கியாவோவை வென்றபோது, பெரும்பொருள் கொடுத்துப் பார்த்தவர்கள் சலித்துக்கொண்டார்கள், ஏமாற்றம் என்றார்கள். அடிபடாமல் வெல்வதே அக்கலையின் நோக்கம். நோக்கத்தை நிறைவேற்றியவனைக் குறை கூறினர். நிறைவேற்ற இயலாமல் அடிபட்டவனை நெஞ்சில் வைத்துப் போற்றினர்.

இதைச் சொல்லும்போது மற்றவர்களைப் பழிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நானும் அப்படிப்பட்ட இரசிகனாகவே இருந்தேன். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை இங்கே கூறுகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியிலிருந்து இரண்டு மாணவர்கள் பள்ளிகளுக்கிடையேயான குத்துச்சண்டைப் போட்டிக்குச் சென்றார்கள். உடற்பயிற்சி ஆசிரியருடன் நானும் போயிருந்தேன். முதல் மாணவன் ஒல்லியான உடலும் நீண்ட கையும் உடையவன். மூன்று சுற்றிலும் எதிரியின் குத்து அவன் முகத்தில் ஒன்றேனும் படவில்லை. தலையை இரண்டு விரற்கடை நகர்த்துவான். குத்து காற்றிலே போகும். அவன் வென்றான். எங்கள் பிள்ளைகளோ அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். “ஓடாதே, நின்று அடி!” என்று கூவியவர்களும் உண்டு. இரண்டாவது மாணவன் கட்டுக்குட்டென்று இருப்பான். மூக்கில் இரத்தம் வழிந்தது, கண் வீங்கியது, அசையாமல் நின்று அடிவாங்கி, திருப்பி அடித்து, தோற்றான். அரங்கமே எழுந்து நின்று ஆரவாரித்தது. நானும் எழுந்து நின்று கைதட்டினேன்.

திங்கட்கிழமை காலை இறைவணக்கக் கூட்டத்தில் அந்த இரண்டாவது மாணவனை மேடைக்கு அழைத்து, தோளைத் தட்டி, தோல்வியிலும் கலங்காத வீரன் என்று நெடுநேரம் புகழ்ந்தேன். முதல் மாணவனின் வெற்றியை ஒரு வரியில் அறிவித்தேன். இடைவேளையில் அவன் என் அறை வாயிலில் வந்து நின்றான்.

“ஐயா, நானும் அடி வாங்கியிருந்தால் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டிருப்பீர்களா?” என்று கேட்டான்.

குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டான். ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் இரண்டாவது மாணவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் தாயார் வந்தார். “தலை வலிக்கிறது என்று படுத்தே கிடக்கிறான் ஐயா. ஆனால் அடுத்த தடவையும் அசையாமல் நிற்பேன் என்கிறான். ஐயாவே மேடையில் மெச்சினீர்களாமே” என்றார். அந்த அம்மையார் என்னைக் குறை கூறவில்லை. பெருமையும் அச்சமும் கலந்த குரலில் செய்தியைச் சொன்னார், அவ்வளவுதான். நல்லவேளையாக மருத்துவரிடம் காட்டி, சில நாட்களில் பையன் தேறிவிட்டான். ஆனால் அன்றுமுதல் என் கைத்தட்டலைப் பற்றி நான் சிந்திக்கத் தொடங்கினேன். கைத்தட்டல் நடந்து முடிந்ததற்குக் கொடுக்கும் பரிசு என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அடுத்து நடக்கவேண்டியதற்கு இடும் கட்டளையும் அதுவே என்பது அன்றுதான் விளங்கியது.

முகம்மது அலியின் வாழ்க்கையை அதன்பின் வேறு கண்ணோடு படித்தேன். 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டார். அப்போது நான் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளைஞன். கூட்டத்தில் ஒருவனாக எட்ட இருந்து பார்த்தேன். வென்றாரும் இல்லை, தோற்றாரும் இல்லை, வெறும் விளையாட்டு. ஆனாலும் அந்தப் பெரிய உடல் இலேசாக அசைந்ததைக் கண்டதே போதும் என்று திரும்பினோம்.

அலியின் இளமைக்காலப் போர்முறை வியத்தகு நுட்பம் வாய்ந்தது. கையைத் தாழ்த்திக்கொண்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்தே குத்துக்குத் தப்புவார். பாட முறைப்படி அது பிழை என்று பழைய பயிற்சியாளர்கள் கடிந்தார்கள். அவருடைய வேகம் அந்தப் பிழையையே இலக்கணமாக்கிற்று. 1967இல் வியட்நாம் போருக்குப் படையிற் சேர மறுத்ததனால், மூன்றரை ஆண்டு அவர் களம் ஏற இயலவில்லை. 1970இல் திரும்பிவந்தபோது அந்தப் பழைய கால்கள் இல்லை. விலக முடியாதபோது தாங்கக் கற்றுக்கொண்டார். 1971இல் ஜோ பிரேசியரிடம் பதினைந்து சுற்றுப் பொருது தோற்றார். 1974இல் கின்ஷாசா நகரில் கயிற்றிற் சாய்ந்தபடி ஜார்ஜ் போர்மனின் பெருங்குத்துகளைக் கையிலும் உடலிலும் ஏற்று, அவரைக் களைக்கச் செய்து எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். மறுநாள் நூல்நிலையத்தில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நாங்கள் குதித்தது எனக்கு நினைவிருக்கிறது. 1975இல் மணிலாவில் பிரேசியருடன் பதினான்கு சுற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அடிபடாத அலியைப் பலர் வாயாடி என்றும் ஓடுபவன் என்றும் வெறுத்தனர். அடிபட்ட அலியையே உலகம் தன் மகனாகத் தழுவிக்கொண்டது. அவர் மதமும், போர் மறுப்பும், காலமாற்றமும் இதற்குக் காரணமாயின என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அவர் தாங்கிய குத்துகளும் ஒரு காரணமே. 1977இல் அவருடைய மருத்துவர் பெர்டி பச்சேகோ, ஓய்வுபெறும்படி சொல்லியும் பயனின்மையால் அவர் குழுவைவிட்டு விலகினார். நாங்கள் சென்னையில் கண்டு களித்த அதே 1980இன் அக்டோபரில், முப்பத்தெட்டாம் வயதில், லாரி ஹோம்ஸுக்கு எதிரே அலி பத்துச் சுற்று நின்றார். ஒரு சுற்றுக்கூட நடுவர்கள் அவருக்குத் தரவில்லை. பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போட்டியை நிறுத்தினார். 1984இல் நடுக்குவாத நோய்க்குறிகள் அவருக்கு இருப்பதாக அறிவிக்கப்பட்டது. 2016இல் மறையும்வரை அந்த நாவன்மை மெல்ல மெல்ல அடங்கியதை உலகம் கண்டது. நோய்க்குக் குத்துகளே முழுக் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் கடைசிக் குத்துகள் அவருக்கு வேண்டாதவை என்பதில் வேறுபாடு இல்லை.

மருத்துவ உலகம் இதை நெடுநாளாக எச்சரித்தே வருகிறது. குத்துண்டு குத்துண்டு சிலர் குடித்தவர்போல் தள்ளாடுவதையும் நாக்குழறுவதையும் மார்ட்லண்டு என்ற அமெரிக்க மருத்துவர் 1928லேயே விளக்கி எழுதினார். கையுறை பெரும்பாலும் குத்துபவனின் கையைக் காக்கிறது. குத்துண்டவனின் மூளை மண்டையோட்டுக்குள் குலுங்குவதை அது தடுப்பதில்லை. 1982இல் கொரிய வீரர் டுக் கூ கிம், ரே மான்சினியுடன் பதினான்காம் சுற்றுவரை நின்று வீழ்ந்து, சில நாட்களில் உயிர்நீத்தார். அதன்பிறகே உலகப் பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றிலிருந்து படிப்படியாகப் பன்னிரண்டாகக் குறைந்தன.

அப்படியானால் நெஞ்சுரத்தைப் போற்றக்கூடாதா என்று நேயர்கள் கேட்கலாம். இரசிகர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒருபோதும் அடிபடாதவனின் உள்ளம் எத்தகையது என்பது நமக்குத் தெரிவதில்லை. விழுந்து எழுபவனிடத்தில் நம் வாழ்க்கையையே காண்கிறோம். வறுமையிலும் நோயிலும் விழுந்து எழுந்தவர்களுக்கு அவன் உறவினன் ஆகிறான். அந்த அன்பு இழிந்ததன்று. நான் சொல்வது ஒன்றே: தாங்குவது வேறு வழியில்லாதபோது வேண்டப்படும் அறம், தப்புவது எப்போதும் வேண்டப்படும் அறிவு. முன்னதற்கு மட்டும் கைதட்டினால், அறிவைக் கைவிட்டு அடிவாங்கும்படி இளைஞனை ஏவுகிறோம்.

மணிலாவில் பதினான்காம் சுற்று முடிந்தபோது பிரேசியரால் பார்க்க இயலாதபடி கண் வீங்கிவிட்டது. இன்னும் ஒரே ஒரு சுற்று. அவர் எழ முயன்றார். அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரைத் தடுத்துப் போட்டியை முடித்துவிட்டார். எதிர்ப்புறத்தில் அலியும் சோர்ந்துபோயிருந்தார் என்பதால், இன்னும் ஒரு சுற்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாதிடுவோர் இன்றும் உளர். என்னைக் கேட்டால், அந்தப் போட்டியில் நிகழ்ந்த மிகத் துணிவான செயல் ஃபட்சினுடையதே. போதும் என்று சொல்லவும் நெஞ்சுரம் வேண்டும்.

இப்போதெல்லாம் குத்துச்சண்டை பார்க்கும்போது, ஒரு குத்து படாமற்போனால் நான் கைதட்டுகிறேன். என் பேரன் சிரிக்கிறான். “தாத்தா, ஒன்றுமே நடக்கவில்லையே, எதற்குத் தட்டுகிறீர்கள்?” என்கிறான். நடக்காமற் செய்ததற்குத்தான் தட்டுகிறேன் என்று அவனுக்கு விளக்குகிறேன்.

அன்று என் அறை வாயிலில் வந்து நின்ற ஒல்லி மாணவன் இன்று எந்த ஊரில் இருக்கிறானோ, அறியேன். இந்த நேரத்தில் வானொலிப் பெட்டியின் அருகே அவன் அமர்ந்திருப்பானாயின், அவனுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தம்பி, அன்று நீ கேட்டதற்கு நான் நேராக விடை சொல்லவில்லை. ஆம், நீ அடி வாங்கியிருந்தால் உன்னையும் மேடைக்கு அழைத்திருப்பேன். அது என் பிழை. நீ நன்றாகவே ஆடினாய்.